தரை காயும் வரை

வாங்க மதினி, வாங்க. செருப்பைப் படியிலேயே விட்டுவிடுங்க. அந்த மிதியடியில் காலை நன்றாகத் தேய்த்துவிட்டு உள்ளே வாங்க. இன்னொரு தரம். குதிகாலையும். அவ்வளவுதான். தப்பாக நினைக்காதீங்க. வந்தவளை வாசலில் நிறுத்திக் காலைத் துடைக்கச் சொல்கிறாளே என்று மனசுக்குள் வைக்காதீங்க. என் கூடப்பிறந்தவன் வந்தாலும் இதே மிதியடிதான்.

மதினி என்று கூப்பிடலாம் இல்லையா? உங்கள் தங்கச்சி மகளை என் மகன் தீனதயாளனுக்குக் கொடுப்பது என்று ஆகிவிட்டால் நீங்கள் எனக்கு மதினிதானே? ஜாதகம் பொருந்திவிட்டது. பெண்ணையும் பார்த்தாகிவிட்டது. இன்றைக்கு நீங்கள் மட்டும் தனியாக மதுரைக்குப் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள் என்றால் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? முதல் மருமகள் ஏன் போனாள் என்று கேட்க வந்திருக்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். நானாக இருந்தாலும் கேட்பேன். ஆனால் தெருவில் விசாரிக்காதீங்க. எதிர் வீட்டுக்காரி ஒரு மாதிரி சொல்வாள், பால்காரன் ஒரு மாதிரி சொல்வான். நடந்ததை நடந்தபடி நானே சொல்கிறேன். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

காபி எடுத்துக்கொள்ளுங்க. டம்ளரைக் கீழே வைக்க வேண்டாம், கையிலேயே இருக்கட்டும்.

ஒரே வார்த்தையில் சொல்வதென்றால், அவள் இந்தத் தரையால் போனாள்.

ஆமாம், இதே தரைதான். பார்த்தீங்களா, கஞ்சித் தண்ணீரைக் கொட்டிக் காயவிட்ட மாதிரித் திட்டுத் திட்டாக வெளுத்துக் கிடக்கிறதே. இது எப்படி இருந்த தரை தெரியுமா? ஆத்தங்குடிக் கல். நடுவில் தாமரை, சுற்றிலும் கொடி. என் வீட்டுக்காரர் அஸ்திவாரம் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் ஒவ்வொரு செங்கல்லுக்கும் நான்தான் வெயிலில் நின்றேன். இந்தக் கல்லை நானே போய்ப் பொறுக்கி எடுத்தேன். அழகுதான். ஆனால் கடையில் விற்கிற வழவழப்பு டைல்ஸ் மாதிரி இல்லை மதினி, இது சிமெண்டில் செய்கிற கல். குடிக்கும். எண்ணெய் ஊற்றினால் எண்ணெயைக் குடிக்கும், காபி ஊற்றினால் காபியைக் குடிக்கும். குடித்ததை மறைக்கவும் தெரியாது, அப்படியே முகத்தில் காட்டும்.

கிரகப்பிரவேசத்தன்றே காட்டியது. பரமக்குடியிலிருந்து என் சம்பந்தி வந்திருந்தார். சம்பந்தி என்றால் பூங்கோதையின் அப்பா. பூங்கோதைதான் போன மருமகள். கோதை என்று கூப்பிடுவோம். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய் வாரா வாரம் டயாலிசிஸ். முகம், கால் எல்லாம் வீங்கி இருக்கும், கை நடுங்கும். "மேஜையில உக்காருங்க சம்பந்தி" என்று நான் சொன்னேன். கேட்டால்தானே? "பொண்ணு வீட்டுத் தரையில உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும்னு ஆசை" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சாம்பாரைச் சாய்த்துவிட்டார். சாய்த்ததோடு விட்டிருந்தால் உள்ளங்கை அகலம்தான். தோள் துண்டை எடுத்து, தப்புப் பண்ணிய பிள்ளை மாதிரி அவசர அவசரமாகத் துடைத்து, அதை முறம் அகலம் ஆக்கிவிட்டார். "அதனால என்ன சம்பந்தி" என்று சொன்னேன். சபையில் வேறென்ன சொல்வது? கோதை ஓடிவந்து அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கப்பா, நான் பாத்துக்கிறேன்" என்றாள். என்ன பார்த்தாள்? சபீனா போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை.

அன்றைக்கே முடிவு பண்ணினேன், தரைக்கு சீலர் போட்டுவிட வேண்டும் என்று.

லூர்து என்று ஒரு ஆள் வந்தார். அந்த வேலையையே செய்கிறவர். "கல்லுல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருக்கும்மா. இதைப் பூசினா எல்லாம் அடைச்சுக்கும். அப்புறம் சாம்பார் என்ன, ரத்தமே சிந்தினாலும் ஈரத் துணியால ஒரு துடை, போயிரும்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ரெண்டு கோட்டு பூச வேண்டும். பூசி முடித்துச் சாயங்காலம் வரைக்கும் யார் காலும் படக்கூடாது. அதற்கு அப்புறமும் மூன்று நாளைக்குச் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் வெளுத்துவிடும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் தலையாட்டினேன். எதையும் முறையாகச் செய்கிறவள் நான்.

வேலை வைத்த வாரம் பார்த்து இவள் வந்து நிற்கிறாள். "அத்தை, அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம். ரெண்டு நாள் போயிட்டு வந்துரட்டுமா?"

போயேன், யார் வேண்டாம் என்றது? ஆனால் கூடத்தில் இருக்கிற சாமானை எல்லாம் மாடிக்கு யார் ஏற்றுவது? நானா? என் முட்டியை நீங்களே பார்க்கிறீர்கள். "தரை வேலை முடியட்டும் கோதை, நிம்மதியாப் போய் நாலு நாள் இருந்துட்டு வா" என்றேன். ரெண்டு நாள் கேட்டவளுக்கு நாலு நாள் கொடுத்தேன் மதினி. இதை எல்லாம் அவள் ஊரில் சொல்லியிருக்க மாட்டாள்.

வேலை ஆரம்பித்தது ஒரு வெள்ளிக்கிழமை. மாடிப்படி இந்தக் கூடத்துக்குள்ளேதான் இறங்குகிறது, பாருங்க. மாடிக்கு வேறு வழி கிடையாது. கோதையை மேலே அனுப்பிவிட்டேன். ஏற்றின சாமானை எல்லாம் துடைத்து அடுக்கட்டும் என்று. "போனை என்கிட்ட குடுத்துட்டுப் போ, கையில இருந்தா உனக்கு வேலை ஓடாது" என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவளும் கொடுத்துவிட்டாள். அதுவரைக்கும் சொன்ன பேச்சு கேட்கிற பெண்தான், பொய் சொல்லக்கூடாது. தீனா கடைக்குப் போய்விட்டான். நான் கார் ஷெட்டில் நாற்காலி போட்டு, கேஸ் அடுப்பையும் அங்கேயே வைத்துக்கொண்டு, கூடத்து வாசலுக்குக் காவல் உட்கார்ந்தேன்.

லூர்து காலில் சாக்ஸ் மாட்டிக்கொண்டு முதல் கோட்டைப் பூசிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வந்து வாசலில் முடித்தார். முடித்து நிமிர்ந்தார், போன் அடித்தது. கோதையின் போன்.

அவள் தம்பி. "அத்தை, அக்காகிட்ட குடுங்க" என்றான். குரலே சொல்லிவிட்டது. "என்னப்பா?" என்றேன். "அப்பா போயிட்டாரு அத்தை" என்று அழுதான். நானும் ஐயோ என்றேன். மனுஷி இல்லையா நான்? கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டேன். "எப்போ எடுப்பீங்க?" என்று கேட்டேன். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டாமா?

"அக்கா வந்து முகம் பாத்ததும் எடுத்துருவோம். தண்ணி கோத்த உடம்பு அத்தை, ரொம்ப நேரம் வச்சிருக்க முடியாது. பொழுது சாயறதுக்குள்ள எடுத்தாகணும். அக்காவை உடனே அனுப்புங்க. அப்பா நேத்து பூரா அக்கா பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு."

நான் திரும்பி இந்தத் தரையைப் பார்த்தேன். என்ன சொல்வேன் மதினி. வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் ஒரே ஈரம், ஒரே மினுமினுப்பு. தாமரை இப்போதுதான் பூத்த மாதிரி இருந்தது. குனிந்தால் என் முகமே அதில் தெரிந்தது. நீங்களே சொல்லுங்க, அதன் மேல் ஒருத்தியைத் தடதடவென்று ஓடிவா என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

லூர்து காதில் விழுந்துவிட்டது. "யாருக்கும்மா?" என்றார்.

"சம்பந்திக்கு."

"மேல இருக்கிற பாப்பாவோட அப்பாவாம்மா?" பூசுகிற உருளையை அப்படியே கீழே வைத்துவிட்டார். "கொஞ்ச நேரம் பொறுத்தா இந்தக் கோட்டு காஞ்சிரும். சாக்ஸைப் போட்டுக்கிட்டு ஓரமா நடந்து வந்துரட்டும். ரெண்டாவது கோட்டை நாளைக்குப் போட்டுக்கலாம்மா. ஒண்ணும் ஆகாது."

"நாளைக்குச் சனிக்கிழமை. நல்ல நாள் பாத்து ஆரம்பிச்ச வேலையைச் சனிக்கிழமைக்குத் தள்ளுவாங்களா?"

"அப்படின்னா இப்பவே பலகை போட்டு இறக்கிரட்டுமா?"

"பலகை விளிம்பு பதிஞ்சிதுன்னா நீ புதுக் கல்லு வாங்கித் தருவியா?"

நான் விசிறியை எடுத்துக்கொண்டு, "காஞ்சதும் ரெண்டாவது கோட்டைப் போடுப்பா" என்றேன். போட்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போட்டார், ஆனாலும் போட்டார். கூலிக்கு வந்தவருக்கு வீட்டு விஷயம் எதற்கு?

நான் தீனாவுக்கு போன் பண்ணாமல் இல்லை. எதையும் அவனைக் கேட்காமல் செய்கிறவள் இல்லை நான். "மாமனார் போயிட்டாருடா" என்றேன்.

"ஐயையோ. கோதைக்குச் சொல்லிட்டீங்களாம்மா?"

"எப்படிச் சொல்றது? சொன்னா அடுத்த நிமிஷம் இறங்கி ஓடி வருவா. தரை ஈரமா இருக்குடா."

கடையில் யாரோ பில் கேட்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "சரிம்மா. உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க. நான் சாயங்காலம் காரை எடுத்துட்டு வரேன்" என்றான். என் பிள்ளை அப்படி மதினி. இந்த வயசிலும் என் சொல்லைத் தாண்டி ஒரு அடி வைக்க மாட்டான். இப்படி ஒரு மாப்பிள்ளை கிடைக்க உங்கள் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

மத்தியானம் ஆனது. மாடியில் இருக்கிறவளுக்குச் சாப்பாடு வேண்டாமா? பால்கனியிலிருந்து கயிறு விடச் சொல்லி, கூடையில் வைத்து ஏற்றினேன். சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, அப்பளம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நல்ல வேலை நடக்கிறதே என்று காலையிலேயே சேமியா பாயசம் வைத்திருந்தேன், அதிலும் ஒரு டம்ளர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் இந்தச் சோற்றைத்தான் பெரிய குற்றமாகச் சொன்னாள். சாவு வீட்டுக்குப் போகிறவள், அங்கே போனால் யார் ஒரு வாய் தண்ணீர் தரப் போகிறார்கள், பசியோடு போக வேண்டாமே என்று நினைத்துத்தான் ஏற்றினேன். என் மனசு எனக்குத் தெரியும்.

கூடையை இழுத்துக்கொண்டே கேட்டாள். "அத்தை, என் போனையும் கூடையில வைங்களேன். அப்பாவுக்கு இன்னிக்கு டயாலிசிஸ். எப்படி இருக்காருன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

"கயிறு அறுந்து விழுந்தா போன் என்னத்துக்கு ஆகும்? உன் தம்பி பேசினான், நான் எல்லாம் கேட்டுக்கிட்டேன்."

"என்ன சொன்னான் அத்தை?"

"உங்கப்பாவுக்கு இப்ப வலி ஒண்ணும் இல்லையாம்."

பொய்யா மதினி? நீங்களே சொல்லுங்க. அவ்வளவு அவஸ்தைப்பட்ட மனுஷனுக்கு இனிமேல் என்ன வலி?

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நிஜமாவா அத்தை? ரெண்டு வாரமா ராத்திரி பூரா வலி வலின்னு கத்திக்கிட்டிருந்தாரு" என்று பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரிக் குதித்தாள். சம்மணம் போட்டு அங்கேயே உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டாள். "பாயசம் நல்லாருக்கு அத்தை, இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று டம்ளரைக் கூடையில் வைத்து இறக்கினாள். இருந்ததை ஊற்றிக் கொடுத்தேன். எந்த மாமியார் மருமகளுக்குக் கயிறு கட்டிப் பாயசம் ஏற்றுவாள்? லூர்துக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்தேன். தொடவே இல்லை. எறும்பு மொய்த்ததும் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

தம்பிக்காரன் விட்டு விட்டு போன் பண்ணிக்கொண்டே இருந்தான். "அக்கா கிளம்பிட்டாளா?" "கிளம்பிட்டா" என்றேன். பின்னே, தரை காயவில்லை என்றா சொல்வது? அழுதுகொண்டிருக்கிற பிள்ளையிடம் சீலரைப் பற்றிப் பேச முடியுமா? அப்புறம் கேட்டான், "எங்க வந்துக்கிட்டிருக்கா?" நான் பஸ் எவ்வளவு நேரத்தில் எங்கே போகும் என்று யோசித்து, "மானாமதுரை தாண்டியிருப்பா" என்றேன். அவர்களுக்கும் ஒரு தைரியம் இருக்குமே. அந்த நேரத்தில் தேங்காய் உடைக்கவா, குளிப்பாட்டவா என்று பின்னால் யாரோ கேட்பது கேட்டது. "பொண்ணு வந்துரட்டும்" என்று இன்னொருத்தர் சொன்னார். இன்னொரு தரம் கேட்டபோது, பஸ் வழியில் நின்றுவிட்டதாம் என்று சொன்னேன். கடைசியில் அவனே, "இதுக்கு மேல வச்சிருக்க முடியாது அத்தை. பெரியவங்க எல்லாம் சத்தம் போடறாங்க. எடுத்துடறோம்" என்றான். "சரிப்பா, நல்லபடியா எடுங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

சாயங்காலம் தீனா வந்தான். லூர்து ஓரத்தில் விரலால் தொட்டுப் பார்த்து, "நடக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாமானைக் கட்டிக்கொண்டு, என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார்.

தீனாவின் புது சாக்ஸ் ஒரு ஜோடி இருந்தது. அதைக் கூடையில் வைத்து ஏற்றினேன். "கோதை, காலைக் கழுவி நல்லாத் துடைச்சுட்டு இதைப் போட்டுக்கிட்டு இறங்கு. கால்ல எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா அச்சு விழுந்துரும்."

சிரித்துக்கொண்டே இறங்கினாள். தீனாவைப் பார்த்து, "என்னங்க, கல்யாணத்துல நடந்த மாதிரி நடக்க விடறாங்க உங்கம்மா" என்று கேலி பண்ணிக்கொண்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடி மேல் அடி வைத்து வந்தாள். தாமரைக்கு நடுவில் வந்து நின்று, "தரை ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்றாள். சொன்னாள் மதினி, அவள் வாயாலேயே சொன்னாள்.

தீனாதான் சொல்லியிருக்க வேண்டும். அவன் போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானே சொன்னேன். "மனசைத் தேத்திக்கம்மா. உங்கப்பா போயிட்டாரு."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "எப்போ?" என்றாள்.

"காலையில."

"காலையிலன்னா?"

"முதல் கோட்டு முடிஞ்ச நேரம்."

அவள் தீனாவைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா?" அவன் மறுபடியும் போனில் குனிந்துகொண்டான். அப்புறம் என்னைப் பார்த்தாள். "எடுத்துட்டாங்களா அத்தை?"

"இப்பதான் எடுத்திருப்பாங்க."

அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். "எங்கப்பா பொணமாக் கிடக்கிறப்ப என்னைச் சோறு திங்க வச்சுட்டீங்களே" என்றாள். "பாயசம் குடிக்க வச்சுட்டீங்களே. இன்னும் வேணும்னு கேட்டு வாங்கிக் குடிச்சேனே." அது ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். பெற்றவர் பிணம் வீட்டில் கிடக்கும்போது பிள்ளைகள் வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அது தெரிந்து சாப்பிடுகிறவர்களுக்கு. அவளுக்குத்தான் தெரியாதே? தெரியாமல் சாப்பிட்டால் ஏது தோஷம்? அதைத்தான் எடுத்துச் சொன்னேன். அவள் என்ன பண்ணினாள் தெரியுமா? இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டு, குடைந்து குடைந்து, சாப்பிட்டதை எல்லாம் வெளியே தள்ளினாள். எங்கே? இங்கே. தாமரை மேல். பூசி ஒரு பொழுதுகூட ஆகாத தரையில். தீனா தோளைத் தொட்டான், தள்ளிவிட்டாள். கடைசியில் ஒன்றும் வராமல் வெறும் ஓங்கரிப்புதான் வந்தது. அப்போதும் விரலை எடுக்கவில்லை. எனக்கு என் வயிறே எரிந்தது மதினி. அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய தரை.

சாக்ஸைக் கழற்றி என் காலடியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு போய்க் காரில் ஏறினாள்.

தீனா அவளைக் கொண்டுபோய் விட்டான். தெரு முனையிலேயே இறங்கிக்கொண்டாளாம். வீட்டுக்குப் போகவில்லை. பெண்கள் போகக்கூடாத இடம் என்றும் பார்க்காமல், நேரே சுடுகாட்டுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே நெருப்பு வைத்தாகிவிட்டது. முகத்தின் மேல் வறட்டி அடுக்கித்தானே வைப்பார்கள்? ஒன்றும் தெரியவில்லை. அவள் தம்பி மொட்டைத் தலையோடு நின்றுகொண்டு, "எந்த பஸ்ஸுக்கா நின்னுபோச்சு?" என்று கேட்டானாம். அவள் "எந்த பஸ்ஸு?" என்றாளாம். அதோடு என் பேச்சு அத்தனையும் பொய் என்று ஆகிவிட்டது. தீனாவை அந்த ஊர்க்காரர்கள் காரை விட்டு இறங்கவே விடவில்லை. என் பிள்ளை அழுதுகொண்டே தனியாகத் திரும்பி வந்தான்.

இங்கே என் கதையைக் கேளுங்க. அவர்கள் கார் கிளம்பியதும் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். சாவுச் செய்தி வந்த வீடு. வாந்தி கிடக்கிற தரை. வெள்ளிக்கிழமை, விளக்கு ஏற்ற வேண்டாமா? தீட்டோடு ஏற்ற முடியுமா? வாளி வாளியாகத் தண்ணீர் எடுத்து, மஞ்சளைக் கரைத்து, வாசலிலிருந்து மாடிப்படி வரைக்கும் ஊற்றிக் கழுவித் தள்ளினேன். முட்டி வலியோடு நான் ஒருத்தியாகத்தான் கழுவினேன்.

காலையில் எழுந்து பார்க்கிறேன், தரை முழுக்க இந்தக் கோலம். மூலை முடுக்கு விடாமல் வெளுத்துக் கிடக்கிறது.

லூர்தைக் கூப்பிட்டேன். வந்து வாசலில் நின்றே பார்த்தார். "தண்ணி ஊத்தினீங்களாம்மா?"

"மஞ்சத் தண்ணிதான் ஊத்தினேன். அதுவும் தீட்டுக் கழிய."

"மூணு நாளைக்கு ஆகாதுன்னு சொன்னேனேம்மா."

"அவ வாந்தி எடுத்தாளே, அதைச் சொல்ல மாட்டியா?"

அவர் தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேற ஆளைப் பாத்துக்கங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எல்லாருமே அவள் பக்கம்தான். அவள் வாந்தி எடுத்தது தாமரை மேல்தானே, மூலையெல்லாம் எப்படி வெளுத்தது என்று எதிர் வீட்டுக்காரி கேட்கிறாள். எனக்குத் தெரியும், எப்படி என்று. வயிறெரிந்து ஒருத்தி உட்கார்ந்து எழுந்தால் கல் வெளுக்காதா?

அப்புறம் பெரியவர்களை வைத்துப் பேசினோம். நான் ரொம்ப இறங்கிப் போனேன். "நடந்தது நடந்துபோச்சு, வந்து குடும்பம் நடத்தச் சொல்லுங்க, தரையைக் கெடுத்ததுக்குக்கூட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினேன். அவள் என்ன சொன்னாளாம்? "எங்கப்பா முகத்தை ஒரு தடவை காட்டச் சொல்லுங்க, அன்னைக்கே வரேன்" என்றாளாம். நியாயமான பேச்சா இது? எரித்துச் சாம்பலாக்கிய முகத்தை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன்? வர மனசில்லை, அதற்கு ஒரு சாக்கு. கோர்ட்டில்கூட ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பிள்ளை குட்டி இல்லாததால் சுலபமாக முடிந்தது. உங்கள் பெண்ணுக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது.

இவ்வளவுதான் மதினி. இதற்குத்தான் ஊரே என்னை என்னவோ ராட்சசி மாதிரிப் பார்க்கிறது. நான் அந்தப் பெண்ணை அடித்தேனா? பட்டினி போட்டேனா? ஒரு பகல், தரை காயும் வரைக்கும் ஒரு பகல், ஒரு செய்தியைச் சொல்லாமல் வைத்திருந்தேன். உடனே சொல்லியிருந்தால் மட்டும் அவர் பிழைத்து எழுந்திருப்பாரா?

என்ன, எழுந்துவிட்டீர்கள்? காபியைத் தொடவே இல்லையே. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா? சரி, ஓரமாகவே நடந்து போங்க, ஆமாம், சுவரை ஒட்டி. இந்த வெளுப்பை இப்படியே விட்டுவிட மாட்டேன். திருச்சியில் ஒரு ஆளைப் பேசி வைத்திருக்கிறேன். மிஷின் வைத்து மேல் பூச்சு மொத்தத்தையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்கிறார். கல்யாணக் கூட்டம் மிதித்துவிட்டுப் போன பிறகு போடுவதுதான் புத்திசாலித்தனம் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. உங்கள் பெண்ணும் வந்துவிடுவாள், சாமான் ஏற்ற ஒரு கை இருக்கும்.

அதனால்தான் கேட்கிறேன், செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லுங்க, மறைக்காமல் சொல்லுங்க. உங்கள் தங்கச்சி வீட்டுக்காரருக்கு உடம்பு எப்படி? சர்க்கரை, கொதிப்பு, நெஞ்சுவலி என்று ஏதாவது உண்டா? ஏதாவது இருந்தால், அதையும் பார்த்துத்தானே நான் சீலருக்கு நாள் குறிக்க முடியும்?